துறைமுகத்துக்குத் தலையணை கேட்ட சுலோசனாக்கா

சுலோசனாக்கா தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தம் வேலையில் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், மே மாதம் முப்பதாம் தேதி, காலை ஏழு மணி வாக்கில், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அது நடந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நின்றிருக்காவிட்டால் வேறு யார் சத்தியம் செய்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அக்காவின் வீடு. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு ஐம்பது வயது. வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலைக்கு இரவுக் காவல். பகலெல்லாம் தூங்குவார். அக்காவோடு இத்தனை வருஷம் சண்டை இல்லாமல் குடும்பம் நடத்தியதன் ரகசியம் அதுதான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அக்கா தப்பே செய்ய மாட்டார். அதாவது, செய்தது தப்பு என்று ஆகாது. ஒரு முறை நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்பாகவே பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, மொய்க் கவரோடு மண்டபத்துக்குப் போய்விட்டார். மண்டபம் பூட்டியிருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “கல்யாணத்த நாளைக்கித் தள்ளிப் போட்டுட்டாங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாங்களா பாரு” என்று அங்கலாய்த்துவிட்டுத் திரும்பினார். இன்றைக்கும் அந்த நாத்தனார் மேல் அவருக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

மில் இல்லாமல் போன பிறகு அக்காவுக்கு விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும், ஆனால் போக இடம் இருக்காது. அதனால் மீன் வாங்குகிற சாக்கில் துறைமுகத்துக்கு நடப்பார். அங்கே கரையோரம் கிழிந்த வலை, தெர்மாகோல் பெட்டி, பாலிதீன் பை, குடித்துப்போட்ட பாட்டில் என்று கிடப்பதைப் பார்த்து, கண்ணில் பட்டவரையெல்லாம் திட்ட ஆரம்பித்தார். தினமும் தனியாகத் திட்டினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. துணைக்கு ஆள் சேர்த்தார். இப்படித்தான் எங்கள் குழு உண்டானது.

நான் செம்மல். அரசு அலுவலகத்தில் எழுத்தர். எழுதத் தெரிந்த குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். குழுவுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். “தேங்காய்த்திட்டு துறைமுகப் பாதுகாப்பு மற்றும் பொறுப்பான உல்லாசக் குழு.” அனுமதிக் கடிதம் கொடுக்கப் போன இடத்தில் ஏட்டையா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “உல்லாசம்னா என்னா மாதிரி உல்லாசம்?” என்று கேட்டார். விளக்கிச் சொல்லி வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா வாசலிலேயே நின்று, “பேரு நல்லாத்தான் இருக்குது, படிக்கிறவனுக்குத்தான் புத்தி சரியில்ல” என்றார். நான் குழுவில் நிலைத்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

சனிக்கிழமை காலையில் குப்பை பொறுக்குவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உல்லாசம். பக்கிரி என்ற விசைப்படகுக்காரர் தம்மிடம் இருந்த ஃபைபர் படகுகள் இரண்டை அன்றைக்கு விடுவார். எஞ்சினை ஓட்டாமல் துடுப்புப் போட்டு, அலையாத்தி மரங்கள் நிற்கும் கழிமுகம் வரைக்கும் போய்த் திரும்பலாம். பாலிதீன் பை கூடாது, பாட்டுப் போடக் கூடாது, கொக்கைப் பார்த்துக் கை தட்டக் கூடாது. டவுனிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அக்கா கரையில் நின்று நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். ஆறு மணிப் படகுக்கு “மொத ஷிப்டு” என்று பெயர். ஆறு ஐந்துக்கு வந்தவர் மூன்றாம் ஷிப்டுக்குத்தான் போக முடியும். ஒரு டாக்டரையே அப்படி உட்கார வைத்தார்.

அந்த வருஷம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடை வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். மீன் குஞ்சு பொரிக்கிற நாற்பத்தைந்து நாளும் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகக் கூடாது. அத்தனை படகும் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். நிற்கிற நேரத்தில்தான் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். பிரித்த எஞ்சினின் பழைய ஆயில் எங்கே போகும்? எல்லோருக்கும் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. மே மாதம் பிறந்தபோது துறைமுகத் தண்ணீர் முழுக்கக் கறுப்பாக ஆடை படிந்துவிட்டது.

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து, இரண்டு கலர் வேட்டியில் திரும்பினார். அவர் சும்மா இருந்திருக்கலாம். துறைமுகத்தின் அசுத்தம் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பக்கிரியின் கையிலேயே கொடுத்தார். பக்கிரி நல்ல மனிதர். ஆனால் மூன்று பக்கம் அதிகம்.

“எங்க எடத்துல வந்து குந்திக்குனு எங்களயே அழுக்குன்னு எழுதித் தருவீங்களா?” என்று எங்களிடம் வந்து நின்றார். “ஞாயித்துக்கெழமயும் வாணாம், ஒன்னும் வாணாம். இதோட நிறுத்திக்கலாம்.”

“எழுதனது அவுரு. நிறுத்தறது எங்களையா?” என்றார் அக்கா. “நாங்க என்னா பண்ணா ஒத்துக்குவ, அத்தச் சொல்லு.”

பக்கிரி தண்ணீரைக் கை காட்டினார்.

“எங்கப்பா, மறுபடி தொழிலுக்குப் போற மொத நாளு, படவு நிக்கிற தண்ணியிலயே செம்ப வுட்டு மொண்டு, படவு மொகத்துல ஊத்திட்டுத்தான் கயிற அவுப்பாரு. நிக்க எடம் குடுத்த தண்ணிக்கி மரியாத. நாலு வருஷமா நான் கேன் தண்ணி வாங்கி ஊத்தறேன். எனக்கும் அசிங்கமாத்தான் இருக்குது. தட முடியற அன்னிக்கி இந்தத் தண்ணிய மொண்டு ஊத்தற மாதிரி பண்ணிக் குடு. அப்பறம் ஞாயித்துக்கெழமய நான் கேள்வி கேக்கல. இல்லன்னா நீ இந்தப் பக்கம் வரக் கூடாது.”

“சரி” என்றார் அக்கா. எங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தண்ணீரை ஒரு தடவை பார்த்தவர் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் வழியில் கிடந்த குப்பையைக்கூடத் திட்டாமல் வந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு பொழுதுபோக்கு போகும், அவ்வளவுதான். அக்காவுக்கு, நான்கு பேர் தன் வாயிலிருந்து தங்கள் பேர் வருவதற்காகக் காத்து நிற்கிற இடம் வாரத்தில் அது ஒன்றுதான். அது போனால் ஏழு நாளும் ஒரே நாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் என்னையும் மூன்றாம் ஷிப்டில் போட்டிருப்பார்.

மறுநாளே திட்டம் தயார். எண்ணெயைத் துடைக்கப் பஞ்சைவிட என்ன இருக்கிறது? மில்லில் மெஷின் துடைத்தது பஞ்சு, தட்டாஞ்சாவடிப் பட்டறையிலெல்லாம் இன்றைக்கும் கை துடைப்பது வேஸ்ட் பஞ்சு. வீட்டுக்காரர் மூலம் மூட்டை மூட்டையாக வேஸ்ட் பஞ்சு வந்து இறங்கியது. பழைய புடவைகளை நீளக் குழாயாகத் தைத்து உள்ளே பஞ்சை அடைத்தோம். நானும் தைத்தேன். இரண்டு முறை பிரித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இருவத்தாறு வருஷம் பஞ்சோட இருந்தவ சொல்றேன். பஞ்சுக்குத் தெரியாத எண்ண கெடையாது” என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

மே பதினெட்டாம் தேதி துறைமுகமே வேடிக்கை பார்க்கக் கூடியது. இரண்டு படகில் இரண்டு முனையையும் கட்டி இழுத்தார்கள். நாற்பது முழப் புடலங்காய் ஒன்று தண்ணீரில் மிதந்தது. அழகாகத்தான் இருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆவதற்குள் புடலங்காய் நடுவில் தொய்ந்தது. பிறகு மொத்தமும் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டது. மேலே தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது.

“தண்ணி சரியில்ல. உப்பு ஜாஸ்தி” என்றார் அக்கா.

“கடலு உப்பு இல்லாம, சக்கரையாவா இருக்கும்?” என்று ஒரு குரல் வந்தது. அது தையல்நாயகியின் குரல். ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். தடைக் காலத்தில் மீன் இல்லாததால் துறைமுக விளிம்பில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருப்பார். இடுப்பு வலிக்காரர் என்பதால் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். அக்காவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மில்லுக்காரி என்றுதான் சொல்வார்.

இரண்டு நாள் அக்கா வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் நேரே தையல்நாயகியிடம்தான் போனார். கருவாடு வாங்க வந்ததாகச் சொன்னார். நெத்திலிக் கருவாட்டின் விலையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, மில்லைப் பற்றி, மீனைப் பற்றி, இரண்டு பேரின் வாயைப் பற்றி என்று வளர்ந்தது. தையல்நாயகி சண்டைக்கு வசதியாக எழுந்து நின்றார். அந்தச் சமயத்தில் தலையணை தண்ணீரில் விழுந்தது. அது தானாக விழுந்ததா, யார் காலாவது பட்டதா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது. நான் செயலாளர் என்பதால் எந்தக் கட்சியிலும் இல்லை.

“எந் தலகாணி!” என்று அலறினார் தையல்நாயகி. அலறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தலையணை முழுகவில்லை. அப்படியே மேலே மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணீர் வெளுத்திருந்தது.

கொக்கியால் இழுத்துப் போட்டார்கள். வெளியே கறுப்பு. அக்கா அதைப் பிழிந்தார். தண்ணீர் வரவில்லை, எண்ணெய்தான் வழிந்தது. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து உள்ளே கை விட்டார். நடுவில் ஈரமே இல்லை.

“இதுல என்னா பஞ்சு?” என்றார்.

“எலவம்பஞ்சு. மரத்துல காய்க்கிறது. ஒங்க மில்லு பஞ்சு இல்ல.” தையல்நாயகி இதைச் சொல்வதற்காகவே ஒரு தலையணையை இழந்திருப்பார்.

அக்கா ஒரு வாளியில் துறைமுகத் தண்ணீரை மொண்டார். வேஸ்ட் பஞ்சில் ஒரு பிடியும் இலவம்பஞ்சில் ஒரு பிடியும் போட்டார். ஒன்று அடியில் போய் உட்கார்ந்தது. மற்றொன்று மேலேயே சுற்றிச் சுற்றி எண்ணெயைப் பொறுக்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

“மில்லு பஞ்சு மனுசங்களோட பழகுனது. தண்ணிய கண்டா வுடாது” என்றார். “இது காட்டுப்பய. எண்ணயோடதான் சேருது.” பிறகு தையல்நாயகியைப் பார்த்து, “தையல்நாயகி, ஒங்க தெருவுல எத்தன தலகாணி கெடைக்கும்?” என்று கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டதில் தையல்நாயகி திகைத்துப்போய், முப்பது கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு முதலியார்பேட்டையிலும் தேங்காய்த்திட்டிலும் யாரும் கழுத்தை நேராக வைத்துத் தூங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாக ஏறினார்கள். வாசலிலேயே தலையணையைக் கிள்ளிப் பார்ப்பார்கள். ஸ்பாஞ்சு என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வீட்டுக்காரர்களுக்கு ரசனையே இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். இலவம்பஞ்சு என்றால் போயிற்று. என் மனைவி மாலா என்னைக் கேட்காமலே எங்கள் வீட்டிலிருந்து மூன்றைக் கொடுத்துவிட்டாள். மூன்றில் இரண்டு என்னுடையவை. அக்காவின் வீட்டுக்காரர் பகல் தூக்கத்தில் இருந்தபோது அவர் தலைக்கு அடியிலிருந்தே ஒன்று உருவப்பட்டது என்று சொல்கிறார்கள். அவர் எழுந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நூற்று நாற்பது தலையணை சேர்ந்தது. வலைக்குள் வரிசையாகப் போட்டுக் கட்டி, படகுகளுக்கு நடுவில் விட்டு இழுத்தோம். எட்டு நாள், காலையும் மாலையும். கையுறை மாட்டிப் பிழிந்து பேரலில் ஊற்றினோம். நிறைந்த பேரலைப் பழைய ஆயில் எடுக்கிறவர்கள் வந்து கொண்டுபோனார்கள். கல்யாணச் சீராக வந்த தலையணைகளில் பூ வேலை செய்து “குட் நைட்” என்று எழுதியிருக்குமே, அவை கறுத்துப்போய்க் காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் மிதப்பதைப் பார்க்க டவுனிலிருந்து ஆள் வந்தார்கள். வந்தவர்கள் கையிலும் அக்கா கையுறையைக் கொடுத்தார்.

ஒரு நாள் நாங்கள் இந்தக் கோடியில் பிழிந்துகொண்டிருக்கும்போது அந்தக் கோடியில் ஒரு மெக்கானிக் பழைய ஆயிலைத் தண்ணீரில் கவிழ்க்கப் போனார். அக்கா அந்தப் படகில் ஏறி அவர் எதிரே உட்கார்ந்தார். “ஒங்க வூட்ல எத்தன தலகாணி தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஆயில் டப்பாவுக்குள் போனது. சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி துறைமுகம் முழுக்கப் பரவி, படகுக்குப் படகு காலி டப்பா வந்து உட்கார்ந்தது.

மே முப்பது வந்தது. தடை முடிந்துவிட்டது. படகுகளுக்கெல்லாம் மாவிலை கட்டி, பூப் போட்டு, எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருந்தார்கள். தண்ணீரில் படகின் நீலப் பெயிண்ட் நிழலாகத் தெரிந்தது. அதைப் பார்த்து நாங்கள் குழந்தைகள் மாதிரி சந்தோஷப்பட்டோம். ஆனால் வரிசையின் கடைசியில், சுவர் ஓரமாக, மெலிசாக வானவில் கலரில் ஒரு படலம் நெளிந்துகொண்டிருந்தது. காற்று அதை மெல்ல மெல்லப் பக்கிரியின் படகுப் பக்கமாகத் தள்ளியது. பக்கிரியின் படகில் வழக்கம்போல வாங்கிய கேன் தண்ணீரும் தயாராக இருந்தது.

அக்காவின் காதருகே போய், “செம்புல முன்னாடியே கேன் தண்ணிய ஊத்தி வச்சிட்டு, மொண்டா மாதிரி காட்டிடலாங்கா. பக்கிரி படவுல நிக்கிறது நம்ப குழுப் பையந்தான்” என்றேன். அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்தவனுக்கு இப்படித்தான் யோசனை வரும்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கிரி கற்பூரம் காட்டினார். குனிந்து செம்பை விட்டுத் தண்ணீரை மொண்டார். படகின் முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு செம்பை அக்காவிடம் நீட்டினார்.

“ஊத்தலாமான்னு நீ சொல்லு. நான் சொல்லல.”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி கூடையைக் கீழே வைத்துவிட்டார். அக்கா செம்பை மூக்கருகே வைத்தார். உப்பு ஜாஸ்தி என்பாரோ, செம்பு சரியில்லை என்பாரோ என்று நான் காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

“டீசல் வாசன இருக்குது” என்றார்.

“கொஞ்சமாவா?”

“கொஞ்சம் இல்ல. இருக்குது. இன்னும் ஒரு வாரம் கெடச்சிருந்தா எடுத்திருப்பேன். என்னால ஆவல, பக்கிரி. ஒத்துக்கறேன்.” செம்பைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பேர் கூப்பிடுகிற நோட்டை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பக்கிரி அந்தச் செம்புத் தண்ணீரைப் படகின் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நெற்றிக் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு அது வழிந்தது.

“வாசன இருந்தா என்னா? நாங்க ஊத்துன டீசலுதான அது” என்றார். “நில்லும்மா நீ. டேய், அந்தக் கேன எடுத்துக்குனு போய் எல்லாருக்கும் டீ போடு.”

அக்கா நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

“அப்ப ஞாயித்துக்கெழம?”

“வா. ஆனா வாய மூடிக்குனு வரணும்.”

“அது ஆவாது” என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த நோட்டை வெடுக்கென்று பிடுங்கினார். பக்கங்களைப் புரட்டி, ஒரு பேரை அடித்து வேறு பக்கத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஷிப்டு.